பெயர் அவளுடையது, இனிஷியல் அவருடையது

விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைப்பதற்கென்று ஒரு சட்டப் புத்தகம் இருக்கிறது. உலகம் முழுவதும் உள்ள விலங்கியலாளர்கள் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். ஒரு மனிதரைச் சிறப்பிக்கும் விதமாக ஓர் உயிரினத்துக்கு அவர் பெயரை வைப்பதாக இருந்தால் லத்தீன் இலக்கணப்படி வைக்க வேண்டும் என்கிறது அது. அவர் ஆண் என்றால் பெயரின் முடிவில் 'ஈ' வரும். பெண் என்றால் 'ஏ' வரும். ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் என்றால் 'ஓரும்', பெண்கள் மட்டும் என்றால் 'ஆரும்'. ஆணும் பெண்ணும் கலந்த கூட்டமாக இருந்தால்? மறுபடியும் 'ஓரும்'தான். ஒன்பது பெண்களோடு ஓர் ஆண் சேர்ந்து நின்றாலும் அந்தப் பெயர் ஆண்பால் ஆகிவிடும். தமிழில் 'வந்தார்கள்' என்று சொன்னால் யார் வந்தார்கள் என்று தெரியாது. லத்தீனில் அந்த வசதி இல்லை.

இந்த விதியைத் தெரிந்துகொண்ட பிறகு உயிரினப் பட்டியல்களை நான் வேறு கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் விலங்கியல் கற்றுக்கொடுப்பவள் என்பதால் அப்படிப்பட்ட பட்டியல்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பெயராகக் கடைசி எழுத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். ஈ, ஈ, ஈ, பிறகு ஊர்ப் பெயர், பிறகு நிறத்தைக் குறிக்கும் பெயர், மறுபடியும் ஈ. எப்போதாவது ஓர் 'ஏ' வரும். அங்கே நின்றுவிடுவேன். யார் இவள்? என்ன செய்தாள்? சில நேரம் அவள் பெயர் வைத்தவரின் மனைவியாக இருப்பாள், சில நேரம் மகள், சில நேரம் கப்பல் செலவுக்குப் பணம் தந்த சீமாட்டி. விஞ்ஞானியாகவும் இருப்பாள். அப்படி நான் நின்ற இடங்களில் ஒன்று நியோம்ஃபாலஸ் ஃப்ரெட்டரே.

இது ஒரு லிம்பெட். லிம்பெட் என்பதை எளிதாகச் சொன்னால், சுருள் இல்லாத ஓட்டை உடைய நத்தை. குட்டித் தொப்பியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஓடு இருக்கும். அதன் கீழே நத்தை தன் அகன்ற காலால் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலை அடிக்கும் பாறைகளில் பார்த்திருப்பீர்கள். கையால் பிடுங்கினால் வராது. ஆனால் ஃப்ரெட்டரே வாழும் இடத்தில் அலையும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பசிபிக் பெருங்கடலில், கலபகாஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2500 மீட்டர் ஆழத்தில், கடலடி பிளந்து வெந்நீர் கசியும் இடங்களில் அது வாழ்கிறது.

அந்த வெந்நீர் ஊற்றுகளை மனிதர்கள் முதன்முதலாக நேரில் பார்த்தது 1977 பிப்ரவரியில். ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் நிலவியலாளர்கள். வெந்நீரைத் தேடித்தான் போனார்கள். உயிர்களைப் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பயணக் குழுவில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. கீழே சிப்பிகளும் நண்டுகளும் குவிந்து கிடப்பதைக் கண்ட ஜாக் கார்லிஸ், நீருக்கடித் தொலைபேசியில் மேலே இருந்த தன் மாணவி டெப்ரா ஸ்டேக்ஸைக் கூப்பிட்டு, ஆழ்கடல் என்பது பாலைவனம் மாதிரி இருக்க வேண்டியதில்லையா என்று கேட்டார். அப்படித்தானே பாடத்தில் இருக்கிறது என்பதுபோல் அவர் பதில் சொன்னார். எடுத்து வந்த உயிர்களைக் கெடாமல் வைக்கக் கப்பலில் இருந்தது கொஞ்சம் ஃபார்மலின். மீதிக்குப் பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்கா உதவியது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் வோட்காவைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தத் தொலைபேசிதான் முக்கியம். 1977இல் ஒரு மாணவி அந்தக் கப்பலில் இருக்க முடிந்தது என்பதே சாதாரணமாகக் கிடைத்த விஷயம் இல்லை.

இருபது வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். ஆல்வினை இயக்கும் அதே உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் பெண்கள் ஆய்வுக் கப்பலில் கடலுக்குப் போகக் கூடாது. சொல்லப்பட்ட காரணம் கழிப்பறை. 1956இல் ராபர்ட்டா ஐக் என்ற ஆராய்ச்சி மாணவி யாருக்கும் தெரியாமல் ஒரு கப்பலில் ஒளிந்துகொண்டு கடலுக்குப் போனாள். பிடிபட்டாள். அவளுக்குக் கொடுத்திருந்த உதவித்தொகை பறிக்கப்பட்டது. அந்த நேரத்தில் அதே நிறுவனத்தில் மேரி சியர்ஸ் என்பவர் இருந்தார். 1953இல் 'டீப்-சீ ரிசர்ச்' என்ற ஆய்விதழைத் தொடங்கிய ஆசிரியர்களில் ஒருவர். இருபது ஆண்டுக்கும் மேல் அதை நடத்தியவர். ஆழ்கடல் ஆராய்ச்சிக் கட்டுரைகள் உலகெங்குமிருந்து அவர் மேசைக்கு வரும். அவரோ தன் நிறுவனத்தின் கப்பல்களில் ஏற முடியாது. 2000இல் அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலுக்கே அவர் பெயரை வைத்தது. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து.

ஆல்வினுக்குள் இறங்கிய முதல் பெண் விஞ்ஞானி ரூத் டர்னர். ஆண்டு 1971, அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. மரத்தைத் துளைக்கும் கடல் சிப்பிகளைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்தவர் உலகில் வேறு எவரும் இல்லை. ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுத்தது 1976இல், அறுபதைத் தாண்டிய பிறகு. கலபகாஸ் ஊற்றுகளில் குவிந்து கிடந்த அந்தப் பெரிய வெள்ளைச் சிப்பிக்கு 1980இல் பெயர் சூட்டிய இருவரில் ஒருவர் அவர்.

இனி நம் லிம்பெட்டுக்கு வருவோம். கடலடியிலிருந்து மேலே வந்த ஒரு சிறு நத்தை, சாராயம் நிரம்பிய கண்ணாடிக் குப்பியில் மிதக்கிறது. இது என்ன இனம் என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஓடு. நீளம், அகலம், உயரம் அளக்க வேண்டும். தொப்பியின் உச்சி நடுவில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உச்சியிலிருந்து விளிம்புக்கு ஓடும் வரிகள் உண்டா, வளையம் வளையமாகப் போகும் வளர்ச்சிக் கோடுகள் உண்டா, மேலே பழுப்புத் தோல் மூடியிருக்கிறதா, உள்ளே முத்துப் பளபளப்பு இருக்கிறதா. கவிழ்த்துப் பார்த்தால் தசை ஒட்டியிருந்த தழும்பு குதிரை லாடம் போல் தெரியும். உச்சியின் நுனியில், ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே அளவுள்ள ஒரு புள்ளி இருக்கும். அது குஞ்சாக இருந்தபோது போட்ட ஓடு. பெரிதான பிறகும் அதைத் தலையில் சுமந்துகொண்டே திரிகிறது. அதன்மேல் உள்ள நுண்ணிய வேலைப்பாடு ஓர் இனத்தின் கைரேகை மாதிரி.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. கையில் எடுத்தால்தான் தெரியும், ஓடு எவ்வளவு ஏமாற்றும் என்று. வெந்நீர் ஊற்றின் அமில நீர் சுண்ணாம்பு ஓட்டை அரித்துவிடும். முதலில் போவது அந்த உச்சிதான். கைரேகை அழிந்துவிடும். போதாததற்கு, லிம்பெட் எதன்மேல் ஒட்டி வளர்கிறதோ அதன் வடிவத்துக்கு ஓட்டின் விளிம்பு வளைந்துகொள்ளும். தட்டையான பாறையில் வளர்ந்தது ஒரு மாதிரியும், புழுக்கூட்டின் உருண்டைக் குழாயில் வளர்ந்தது இன்னொரு மாதிரியும் இருக்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று தொப்பி வடிவமேதான். நத்தைகளின் வரலாற்றில், ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல வம்சங்கள் தனித்தனியாகச் சுருளை விட்டுவிட்டுத் தொப்பிக்கு மாறியிருக்கின்றன. பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்வதற்கு அது தோதான வடிவம். ஆகவே ஓட்டைப் பார்த்து 'இது லிம்பெட்' என்று சொல்வது, புடவையைப் பார்த்து 'இவர் எங்கள் சொந்தம்' என்று சொல்வது மாதிரி.

அதனால்தான் பற்கள் வேண்டும்.

நத்தையின் வாய்க்குள் ராடுலா என்ற ஒரு நாடா இருக்கிறது. அதன்மேல் வரிசை வரிசையாகப் பற்கள். விலங்கியல் இளங்கலை படித்த பெண்களுக்கு இது புதிதில்லை. நம் ஊர் வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் பைலா நத்தையின் ராடுலாவை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பொருத்துவது செய்முறைத் தேர்வில் வரும். தலைப் பகுதியை வெட்டி காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் சதை கரைந்துவிடும். கைட்டினால் ஆன நாடா மட்டும் கரையாமல் நிற்கும். அதைத் தண்ணீரில் அலசி, ஊசி முனையால் பிரித்து விரிப்பதற்குள் பாதி வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். விரிந்ததும் ஒரு வரிசைக்கு ஏழு பற்கள்: நடுவில் ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று. என் மாணவிகளில் ஒருத்தி அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "மேடம், நெக்லஸ் மாதிரி இருக்கு" என்றாள். இருக்கத்தான் செய்கிறது.

ஆழ்கடல் லிம்பெட்டுக்கும் இதே வேலைதான், இன்னும் சிறிய அளவில். நாடாவைத் தங்கப் பூச்சு பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு பல்லின் முனையும் தெரியும். முன்பக்கப் பற்கள் தேய்ந்திருக்கும். பின்னால் இருப்பவை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. பற்கள் பின்னால் முளைத்து முன்னால் நகர்ந்து தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருப்பவை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் உள்ள வரிசைகளைத்தான் எண்ண வேண்டும். கரையோரப் பாறை லிம்பெட்டுகளுக்குச் சில வலுவான பற்கள். அவற்றில் இரும்புத் தாது ஏறியிருக்கும். தேங்காய் துருவி மாதிரி பாறையைச் சுரண்டும். வேறு சில பழைய வம்சங்களுக்கு நடுப்பல்லின் இரு பக்கமும் ஒருசில பற்கள், அதற்கப்பால் விசிறி மடிப்புபோல் நெருக்கமாக ஏராளமான மெல்லிய விளிம்புப் பற்கள். தென்னை ஈர்க்கு விளக்குமாறு மாதிரி இவை கூட்டி அள்ளும். வீட்டுச் சாமானை விட்டால் உனக்கு உவமையே கிடைக்காதா என்று தோழிகள் கேலி செய்வார்கள். இந்த இடத்தில் அவற்றைவிடப் பொருத்தமான வேறு உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

கலபகாஸ் லிம்பெட்டில் புதிர் இங்கேதான் வெடித்தது. அதன் செவுள் பெரிது; நீண்ட இழைகள் கொண்டது. கடல் நீரை வடிகட்டி, அதில் மிதக்கும் துகள்களைச் செவுளிலேயே பிடித்து, ஒரு வாய்க்கால் வழியாக வாய்க்கு அனுப்பி உண்கிறது. அப்படி உண்ணும் தொப்பி ஓட்டு நத்தை ஒன்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும்: இங்கிலாந்துக் கரையில் மலிந்து கிடக்கும் செருப்பு லிம்பெட். ஓட்டையும் சாப்பிடும் முறையையும் பார்த்தால் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று தோன்றும். ஆனால் செருப்பு லிம்பெட்டுக்கு, நம் பைலாவைப் போல, வரிசைக்கு ஏழே பற்கள். கலபகாஸ் லிம்பெட்டின் வாயில் இருந்ததோ விளக்குமாறு. வடிகட்டிச் சாப்பிடும் பழக்கம் பின்னால் வந்தது. பல் பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்து. இது செருப்பு லிம்பெட்டின் கிளையே இல்லை, மிகப் பழைய, தனியான ஒரு வம்சம்.

பல் இப்படிச் சொல்கிறது. உடம்பின் மற்ற பாகங்கள் என்ன சொல்கின்றன? இதயம், சிறுநீரகம், நரம்பு, இனப்பெருக்க உறுப்பு? அதைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மெல்லுடலிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜேம்ஸ் மெக்லீனுக்கு ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கை இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருந்தது. வேரா ஃப்ரெட்டர், பிறந்த ஆண்டு 1905. கலபகாஸ் நத்தை வந்தபோது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

லண்டனில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிப்பதற்கென்று நடந்த பர்க்பெக் கல்லூரியிலிருந்து வந்தவர் ஃப்ரெட்டர். பிறகு ரெடிங் பல்கலைக்கழகம். அலஸ்டர் கிரஹாமோடு சேர்ந்து அவர் எழுதி 1962இல் வெளிவந்த 'பிரிட்டிஷ் புரோசோபிராங்க் மொலஸ்க்ஸ்' 750 பக்கத்துக்கும் மேல் வரும். நத்தை எப்படிச் சுவாசிக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி முட்டையிடுகிறது என்று ஒவ்வோர் உறுப்பையும் திறந்து காட்டிய நூல். அட்டையில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. ஆங்கில அகரவரிசையில் அவர் பெயர் முந்தியது என்பதும் காரணமாக இருக்கலாம். எப்படியோ, முதலில் இருக்கிறது.

அவர் செய்த வேலையை விவரித்தால்தான் அதன் எடை தெரியும். நத்தையின் உடலைப் பாரஃபின் மெழுகில் பதிய வைத்து, மைக்ரோடோம் என்ற கருவியில் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு தடிமனில் சீவ வேண்டும். ஒரு சீவல்கூடத் தவறாமல் வரிசைப்படி கண்ணாடித் தகடுகளில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். ஒரு சிறு நத்தைக்கே நூற்றுக்கணக்கான சீவல்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்தச் சீவலில் வட்டமாகத் தெரியும் குழாய் அடுத்த சீவலில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து, தட்டையான படங்களிலிருந்து முழு உடம்பையும் மனதுக்குள் கட்டி எழுப்பி வரைய வேண்டும். மாதிரிகள் குறைவு. கெட்டுப் போனால் இன்னொன்று வேண்டுமென்று 2500 மீட்டர் ஆழத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. அப்படித்தான் அந்த நத்தையின் நீண்ட கழுத்தும், கழுத்தின்மேல் ஓடி வாயில் சேரும் உணவு வாய்க்காலும், ஆணின் இடப்பக்க உணர்கொம்பு கலவி உறுப்பாக மாறியிருப்பதும் தாளில் வந்தன.

1981இல் 'மலக்காலஜியா' ஆய்விதழின் ஒரே தொகுதியில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. முதலாவது மெக்லீன் தனியாக எழுதியது. ஓடும் பல்லும் பெயரும் அதில். இரண்டாவது ஃப்ரெட்டர், கிரஹாம், மெக்லீன் மூவரும் எழுதிய உடற்கூறு. அந்த இனத்துக்கு வைத்த பெயர் ஃப்ரெட்டரே. ஒரு மூத்த விஞ்ஞானிக்கு இளையவர் செய்த மனமார்ந்த மரியாதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முழுப்பெயரை எழுதும் முறையைக் கவனியுங்கள்: நியோம்ஃபாலஸ் ஃப்ரெட்டரே மெக்லீன், 1981. பெயர் வைத்தவரின் பெயரும் ஆண்டும் எப்போதும் கூடவே வரும். நம் ஊரில் பேத்திக்குப் பாட்டியின் பெயரை ஆசையாக வைப்பார்கள். இனிஷியல் அப்பாவுடையதாக இருக்கும். அப்படித்தான் இதுவும். பெயர் அவளுடையது, இனிஷியல் அவருடையது. ஃப்ரெட்டர் அந்தப் பெயருக்குள் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறார், ஆசிரியராக இல்லை.

விதியின்படி இதில் தவறு ஏதும் இல்லை. இனத்தை முதலில் விவரித்து வெளியிட்டவரே ஆசிரியர். ஓட்டையும் பல்லையும் விவரித்தால் அதற்குப் போதும். சிக்கல் அந்த விதியின் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைப்பது 'கண்டுபிடிப்பு' என்று எண்ணப்படுகிறது. அந்த இனத்தின் உடம்பு முழுவதையும் மாதக்கணக்கில் சீவி வரைவது 'கூடுதல் தகவல்' என்று எண்ணப்படுகிறது. முதல் கட்டுரையில் மெக்லீன் இந்த நத்தையை, மிகப் பழங்காலத்தில் செழித்து அழிந்துபோன ஒரு நத்தைக் கூட்டத்தின் வாரிசு என்று வாதிட்டார். தலைப்பிலேயே அந்தப் பெருமிதம் இருந்தது. அந்த வாதம் பிறகு பலமாகக் கேள்விக்குள்ளானது. இரண்டாவது கட்டுரையில் வரைந்து காட்டிய உடம்பையோ, அந்த வாதத்தை ஏற்காதவர்களும் திறந்து பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நல்ல குடும்பத்துப் பெண் சிப்பி சேகரிக்கலாம். அழகான பொழுதுபோக்கு, கை அழுக்காகாது, அலமாரியில் வைத்து விருந்தினருக்குக் காட்டலாம். உள்ளே இருந்த சதைதான் அவர்களுக்கு உரியதாகக் கருதப்படவில்லை. ஓடு பெண்ணுக்கு, கத்தி ஆணுக்கு. அந்த எல்லைக்குள் நின்றபடியே சிலர் வெகுதூரம் போனார்கள். கேத்தரின் புஷ் 1879இல் யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் பேராசிரியர் அடிசன் வெர்ரிலுக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஆழ்கடலிலிருந்து வலைபோட்டு எடுத்த நுண்ணிய சிப்பிகளையும் நத்தைகளையும் பிரிப்பது, எண்ணுவது, அடையாளம் காண்பது அவர் வேலை. 'பிளேக்' என்ற கப்பல் 1880இல் வாரியெடுத்த மெல்லுடலிகளைப் பற்றி 1893இல் தன் பெயரிலேயே அறிக்கை எழுதினார். யேல் முனைவர் பட்டப் படிப்பைப் பெண்களுக்குத் திறந்ததே 1892இல்தான். 1901இல் விலங்கியலில் அங்கே முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார் புஷ். உதவியாளராகச் சேர்ந்து அப்போது இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதே காலத்தில் ஓர் ஆழ்கடல் லிம்பெட் பேரினத்துக்கு 'அடிசோனியா' என்று பெயர் வைத்தார்கள், அடிசன் வெர்ரிலின் நினைவாக. அவர் மேசைக்கு வந்த குப்பிகளைத் திறந்து பிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் ஞாபகம் எனக்கு அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

மெக்லீனை நான் எதிரியாக நிறுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் வந்த வழியிலேயே ஒரு பெண் இருக்கிறார். அவர் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டான்ஃபோர்டில்தான் மைரா கீன் இருந்தார். கீன் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை கிடைக்காமல் ஸ்டான்ஃபோர்டின் சிப்பிச் சேகரிப்பில் சம்பளமில்லாத் தன்னார்வலராக உட்கார்ந்தார். யாரும் கற்றுத்தராமல் தானே கற்று, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெப்ப மண்டலச் சிப்பிகளுக்கு அடிப்படை நூலை 1958இல் எழுதினார். 1971இல் வந்த இரண்டாம் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில், உதவியவர் என்று ஒரு பெயர் போட்டிருக்கிறது: ஜேம்ஸ் மெக்லீன். கீன் பிறந்ததும் 1905, ஃப்ரெட்டர் பிறந்ததும் 1905, கப்பலேற முடியாத மேரி சியர்ஸ் பிறந்ததும் அதே 1905. ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டுக் கடலின் கதையை அந்த ஒரு வருடத்தில் பிறந்த மூன்று பெண்களை வைத்தே சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

ஃப்ரெட்டர் ஒரு நத்தையோடு நிறுத்தவில்லை. வெந்நீர் ஊற்றுகளிலிருந்து புதிது புதிதாக லிம்பெட்டுகள் வந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை விரல் நகத்தைவிடச் சிறியவை. லெபிடோட்ரிலஸ் என்ற புதிய பேரினத்தையும் அதன் சொந்தங்களையும் பற்றி 1988இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இரண்டு பகுதிகள் வந்தன. முதல் பகுதி மெக்லீன்: ஓடு, பல், பெயர். முப்பது பக்கத்தைச் சற்றுத் தாண்டும். இரண்டாம் பகுதி ஃப்ரெட்டர், தனியாக: உடற்கூறு. ஐம்பது பக்கம். வயது எண்பத்து மூன்று. 1989இல் இன்னொரு குடும்பத்து லிம்பெட்டுகள். 1990இல் மற்றொரு குடும்பம். இந்த முறை வந்தவற்றுக்குக் கரையோரப் பாறை லிம்பெட்டைப் போன்ற பல். ஆழ்கடலின் இருட்டில் துருவிப் பல்லோடு ஒரு பழைய வம்சம். அதற்கும் சீவி, சாயமேற்றி, வரைந்து முடித்தார். 1992இல் இறந்தார். 1962ஆம் ஆண்டு நூலின் திருத்திய பதிப்பு 1994இல், அவருக்குப் பிறகு வெளிவந்தது.

'உதவிக் கை' என்று இந்த வேலையை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எண்பது வயதுக்கு மேல் ஒரு பெண் தன் விருப்பத்துக்காக, தனக்கு மட்டுமே கைவந்த ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதைத் தியாகக் கதையாக எழுதுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வயதுப் பெண்ணின் இயற்கை என்று நம்பும் ஒரு சமூகத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஃப்ரெட்டரின் படங்களில் உள்ள கோடுகளைப் பார்த்தால் அங்கே தெரிவது பிடிவாதமும் ரசனையும்தான். ஒரு சிறுநீரகக் குழாய் வளைந்து போகும் இடத்தைக்கூட அவர் அவசரமாகத் தாண்டுவதில்லை.

ஓடும் பல்லும் போதும் என்று நினைத்த காலமும் பிறகு மாறியது. வடகிழக்குப் பசிபிக் ஊற்றுகளில் லட்சக்கணக்கில் அப்பிக் கிடக்கும் லெபிடோட்ரிலஸ் ஃபியூசென்சிஸ் என்ற லிம்பெட்டை எல்லோரும் ஒரே இனம் என்று எண்ணியிருந்தார்கள். 2006இல் ஷானன் ஜான்சனை முதல் ஆசிரியராகக் கொண்ட குழு அவற்றின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, கடலடிப் பிளவு ஒன்றுக்குத் தெற்கே வாழ்பவை தனி இனம் என்று தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தெற்கே உள்ளதற்கு அது வாழும் கோர்டா மலைத்தொடரின் பெயரால் கோர்டென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். இடப்பெயரின் முடிவுக்கு ஆண்பால் பெண்பால் என்ற வேறுபாடு இல்லை. இனத்தின் ஆசிரியர் பட்டியலில் முதலில் நிற்பது ஜான்சன்.